புளியங்கொட்டையில் தெரிந்த தொழிற்சாலை

கோயம்புத்தூரில் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்த மோட்டார் பம்பு தொழிற்சாலையில் ஒரே வாக்குவாதம் ஆண்டுதோறும் நடந்தது. மாசி பிறந்து கிணறுகளில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் டீலர்களிடமிருந்து ஆர்டர் குவியும். டெப்போவில் சரக்கு இல்லை என்று விற்பனைப் பிரிவினர் கொதிப்பார்கள். உற்பத்திப் பிரிவு இரண்டு ஷிப்டை மூன்றாக்கும். வார்ப்பு வந்து சேரவில்லை என்று மெஷின் ஷாப் பர்ச்சேஸைக் கைகாட்டும். ஆறு வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று பர்ச்சேஸ் பிளானிங்கைக் கைகாட்டும். அந்தப் பிளானிங் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். பிறகு ஆனியில் மேற்கே மழை பிடித்ததும், அதுவரை தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்த டீலர்களே இனி சரக்கை அனுப்ப வேண்டாம் என்பார்கள். இரவும் பகலும் ஓட்டிச் செய்த பம்புகள் பெட்டி பிரிக்கப்படாமல் டெப்போவில் அடுக்கப்பட்டுக் கிடக்கும். அதற்கென ஓர் ஆய்வுக் கூட்டம் கூடும். கூட்டம் முடியும்போது யாரேனும் ஒருவர் தலையில் குற்றம் இறங்கியிருக்கும். மறு ஆண்டு அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார். நடப்பது மட்டும் மாறாது.

இந்தச் சுழலிலிருந்து நாங்கள் வெளியே வரத் தொடங்கியது, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் கேன்டீன் மேசைமீது புளியங்கொட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு ஆடிய ஒரு விளையாட்டுக்குப் பிறகுதான். அதன் பின் வெவ்வேறு பிரிவினருக்கு இப்படிப்பட்ட விளையாட்டுகளை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. சில பலித்தன, சில பலிக்கவில்லை. இரண்டையும் பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுண்டு. வேலைக் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் பிரிவுக்கு வாதாடும் வக்கீலாகவே வந்து உட்கார்கிறார். குற்றம் தம்மீது விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே அவருடைய அறிவு முழுவதும் செலவாகிவிடுகிறது. விளையாட்டில் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. தோற்றாலும் சம்பள உயர்வு நிற்காது. அப்படிப் பழிபயம் நீங்கிய அந்த ஒரு மணி நேரத்தில்தான் மனிதர்களிடமிருந்து கண்ணை எடுத்து, வேலை அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்க முடிகிறது. புதிய யோசனைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

இதற்கு முன்பும் எங்கள் நிறுவனத்தில் விளையாட்டுகள் இல்லாமல் இல்லை. ஊட்டி சாலையில் ஒரு விடுதிக்கு எல்லோரையும் பேருந்தில் அழைத்துச் சென்றார்கள். பயிற்சியாளர் பலூன் ஊதச் சொன்னார், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார், பின்பக்கமாகச் சாய்ந்து தோழர் கையில் விழச் சொன்னார். மகிழ்ச்சியாகவே இருந்தது, பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பெயர் தெரியாதவர்களின் பெயர்களை அன்று அறிந்துகொண்டேன். அதை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் வார்ப்பு வராத சிக்கல் அப்படியே இருந்தது, ஏனெனில் அந்தப் பலூனுக்கும் எங்கள் சிக்கலுக்கும் எந்த உருவ ஒற்றுமையும் இல்லை. கலகலப்புக்கான விளையாட்டும் சிக்கலை அவிழ்ப்பதற்கான விளையாட்டும் வேறு வேறானவை. இரண்டாவது வகை, சிக்கலின் எலும்புக்கூட்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதிர்த்துவிட்டதாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது என்பதை ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினிகளை வடிவமைத்துக்கொண்டிருந்த பொறியாளர் ஜே ஃபாரெஸ்டர், 1956இல் அங்குள்ள மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் அவரிடம் ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தார்கள். கென்டக்கியில் இருந்த அவர்களுடைய வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் மூன்று, நான்கு ஷிப்டுகள் ஓடின. சில ஆண்டுகள் கழித்துப் பாதிப்பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியிருந்தது. சந்தையின் ஏற்றத்தாழ்வே காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபாரெஸ்டர் ஆள் எடுக்கும் முறையையும் சரக்கு வாங்கும் முறையையும் கேட்டறிந்து, நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஒரே சீராக இருந்தாலும் உள்ளே எடுக்கப்படும் முடிவுகளாலேயே அந்த ஊசலாட்டம் எழும் என்பது அந்தப் பென்சில் கணக்கில் வெளிப்பட்டது. அந்த ஆராய்ச்சியின் வழியில் எம்.ஐ.டி.யில் உருவானதுதான் பீர் விநியோக விளையாட்டு. உலகின் மேலாண்மைப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் அதை ஆடுகிறார்கள்.

எங்களுக்கு பீர் தேவைப்படவில்லை. பம்பு என்று மாற்றிக்கொண்டோம். கேன்டீனின் நீள மேசையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, கடை, டெப்போ, கம்பெனி குடோன், தொழிற்சாலை என்று நான்கு கட்டங்களை வரிசையாக வரைந்தேன். ஒரு புளியங்கொட்டை ஒரு பம்பு. ஒவ்வொரு கட்டத்திலும் தொடக்கத்தில் 12 கொட்டைகள் இருக்கும். வாடிக்கையாளர் கேட்கும் எண்ணிக்கை கவிழ்த்து வைத்த சீட்டுக்கட்டிலிருந்து வாரம் ஒன்றாக வரும். அதைக் கடைக்காரர் மட்டுமே பார்க்கலாம். அவர் தமக்கு வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி டெப்போவுக்கு அனுப்புவார். டெப்போ குடோனுக்கும், குடோன் தொழிற்சாலைக்கும் அதேபோல் எழுதும். சீட்டு போய்ச் சேரவும் காலம் பிடிக்கும், சரக்கு வந்து சேரவும் இரண்டு வாரம் பிடிக்கும். கையிருப்பில் தங்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் வாரத்துக்கு 50 பைசா செலவு. கேட்டுக் கொடுக்க முடியாமல் நின்ற ஒவ்வொன்றுக்கும் 1 ரூபாய். ஒருவரோடொருவர் பேசக் கூடாது, துண்டுச்சீட்டு மட்டும்தான் போகலாம். விதிகள் இவ்வளவே.

யார் எங்கே உட்கார்வது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். ஆண்டுக்கணக்காகப் பிளானிங்கைத் திட்டிவந்த பர்ச்சேஸ் மூத்தவரைக் கடையில் அமர்த்தினேன். டிஸ்பாட்சில் லாரி ஏற்றும் தம்பிக்கு டெப்போ கிடைத்தது. விற்பனை அதிகாரி குடோனுக்குப் போனார். வைண்டிங் பிரிவில், மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டருக்குச் செம்புக் கம்பி சுற்றும் அக்கா ஒருவர் தொழிற்சாலை ஆனார். எந்தக் கூட்டத்துக்கும் அவரை அதுவரை யாரும் அழைத்ததில்லை. பக்கத்து மேசையில் இன்னொரு நால்வர், அதே விதி, அதே சீட்டுக்கட்டு.

முதல் நான்கு வாரங்கள் அமைதியாகப் போயின. ஐந்தாம் வாரத்தில் கடைக்காரரின் முகம் மாறியது. கையிருப்பு கரையத் தொடங்கியதும் அவர் 12 என்று எழுதினார். அதைக் கண்ட டெப்போ தம்பி பாதுகாப்புக்காக 16 எழுதினார். குடோன் 24 என்றது. வைண்டிங் அக்காவுக்குச் சீட்டு வந்து சேர்ந்தபோது அது ஒரு வெள்ளம் போல் இருந்தது. அவர் 40 கொட்டைகளை எடுத்து உற்பத்தியில் போட்டார். அவை மேசையைக் கடந்து வருவதற்குள் நடுவில் இருந்த இருவரும் வெறுங்கட்டத்தைப் பார்த்துப் பதறி மறுபடியும் மறுபடியும் எழுதினார்கள். பிறகு கொட்டைகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. குடோன் கட்டத்தில் இடம் போதாமல் காகிதத்துக்கு வெளியே குவிந்தன. எல்லோரும் பூஜ்யம் எழுதத் தொடங்கினார்கள். தொழிற்சாலை பல வாரங்கள் கைகட்டி நின்றது. பேசக் கூடாது என்ற விதி இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் துண்டுச்சீட்டை வைக்கும் விரல்களின் வேகத்திலேயே கோபம் தெரிந்தது. பக்கத்து மேசையிலும் அதே ஏற்றம், அதே இறக்கம். வேறு மனிதர்கள், வேறு குணங்கள், கிட்டத்தட்ட ஒரே கோடு.

ஆட்டத்தை நிறுத்திய பின், கடைக்காரரைத் தவிர மற்றவர்களிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வாடிக்கையாளர் வாரம் வாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று கோடு வரையச் சொன்னேன். எல்லோரும் ஒரு மலையை வரைந்தார்கள்; மலைக்குப் பின் ஒரு பள்ளம். அதன் பிறகு சீட்டுக்கட்டைத் திருப்பி ஒவ்வொன்றாக வைத்தேன். நான்கு, நான்கு, நான்கு, நான்கு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. கடைசிச் சீட்டு வரைக்கும் எட்டுதான். வாடிக்கையாளர் ஒரே ஒரு முறை, நான்கிலிருந்து எட்டுக்கு மாறியிருந்தார், அவ்வளவே. வைண்டிங் அக்கா அந்தச் சீட்டுகளை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப நாங்க ராத்திரி ஷிப்டு பார்த்ததெல்லாம் இதுக்குத்தானுங்களா சார்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் வரைந்த மலையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இது எங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989இல் இந்த விளையாட்டின் முடிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார். நிதானமாக ஆடினால் ஓர் அணியின் மொத்தச் செலவை 204 டாலர் அளவில் நிறுத்தலாம். ஆடியவர்களின் சராசரிச் செலவோ 2,028 டாலராக, அதாவது ஏறத்தாழ பத்து மடங்காக இருந்தது. ஆடியவர்களில் பெரும்பாலோர், தாம் ஏற்கெனவே கேட்டு இன்னும் வந்து சேராமல் வழியில் இருக்கும் சரக்கைக் கணக்கில் கொள்வதில்லை என்பது அவர் கண்ட முக்கியமான காரணம். அதே ஊசலாட்டத்தைப் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பேம்பர்ஸ் டயப்பர் ஆர்டர்களில் கண்டது. குழந்தைகள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் டயப்பரைப் பயன்படுத்துகின்றன, ஆயினும் விநியோகஸ்தர்களின் ஆர்டர்கள் பெரிதாக ஏறி இறங்கின. கைப்பிடி சற்றே அசைந்தாலும் சாட்டையின் நுனி வெகுதூரம் வீசுவதை ஒப்பிட்டு இதற்குப் புல்விப் விளைவு என்று பெயர் வைத்தார்கள்.

விளையாட்டு ஒன்றரை மணி நேரம் நடந்தது. அதற்குப் பின்னான பேச்சும் ஏறத்தாழ அதே நேரம் நடந்தது. இந்த இரண்டாம் பகுதியைப் பலர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைதட்டிக் கலைந்துவிடுகிறார்கள். அப்படிக் கலைந்தால் மிஞ்சுவது ஒரு நல்ல பிற்பகலின் நினைவு மட்டுமே. நான் முதலில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தம் கட்டத்தில் நேர்ந்ததைச் சொல்லி முடித்த பிறகு ஏன் என்று கேட்டேன். இது நம் வேலையில் எங்கே நடக்கிறது என்ற கேள்வியை நான் கேட்பதற்கு முன்பே அவர்கள் அங்கே போய்விட்டார்கள். வாய் திறந்தவர் டிஸ்பாட்ச் தம்பி. “நாம பாதிதானுங்க குடுப்போம்னு தெரிஞ்சுதான் சார் டீலருங்க ரெண்டு மடங்கா எழுதறாங்க. லாரிக்காரங்க கிட்ட அவங்களே சொல்லியிருக்காங்க” என்றார். பல கோடைகளாக எங்கள் ஆய்வுக் கூட்டத்துக்கு வந்து சேராத செய்தி அது. சரக்குக்குத் தட்டுப்பாடு வரும்போது கேட்ட அளவில் பாதி என்று பங்கிட்டுக் கொடுத்தது நாங்கள்தான். மிகைப்படுத்திக் கேட்பவருக்கு மிகுதியாகக் கிடைக்கும் என்று டீலர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள்தான்.

அன்று அந்த மேசையில் இரண்டு யோசனைகள் பிறந்தன. தட்டுப்பாட்டுக் காலத்தில் டீலர் எழுதும் ஆர்டரைப் பார்க்காமல், முந்தைய கோடையில் அவர் உண்மையில் விற்ற எண்ணிக்கையின் விகிதத்தில் சரக்கைப் பங்கிடுவது என்பது தம்பியின் யோசனை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையில் விற்ற எண்ணிக்கையை, ஆர்டரை அல்ல, பெரிய டீலர்கள் நேராகப் பிளானிங்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும் என்பது பர்ச்சேஸ் மூத்தவரின் யோசனை. சீட்டுக்கட்டைத் தாம் மட்டுமே பார்த்தது அவரை மிகவும் பாதித்திருந்தது. இரண்டுமே மேலாண்மைப் பாடங்களில் இருக்கும் தீர்வுகள்தான் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆயினும் பாடத்தைப் படித்த நான் சொல்லியிருந்தால் அவை நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். அடுத்த கோடையில் ஏற்ற இறக்கம் மறைந்துவிடவில்லை. எல்லா டீலர்களும் எண்ணிக்கை அனுப்பவுமில்லை. ஆனால் வைகாசிக் கடைசியில் பதறிப்போய் வார்ப்புக்குக் கூடுதல் ஆர்டர் எழுதும் வழக்கம் அந்த ஆண்டோடு நின்றது.

இரண்டாவதாக நடத்திய விளையாட்டு இன்னும் எளியது. ஐந்து பேர் வரிசையாக உட்கார்வார்கள். முதலாமவரிடம் 20 ஒரு ரூபாய் நாணயங்கள் இருக்கும். அவர் 20ஐயும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, மொத்தமாக அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அடுத்த சுற்றில் ஐந்தைந்தாகத் தள்ள வேண்டும். கடைசிச் சுற்றில் திருப்பியவுடன் ஒன்றொன்றாகத் தள்ள வேண்டும். ஒரு நாணயத்தைத் திருப்ப ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் முதல் சுற்று 100 வினாடிகளில் முடியும். ஐந்தைந்தாகத் தள்ளும்போது 40 வினாடி. ஒன்றொன்றாகத் தள்ளும்போது 24 வினாடிதான். யாருடைய கையும் வேகமாக ஓடவில்லை. பார்க்கப்போனால், கடைசிச் சுற்றில் ஒவ்வொருவரும் முன்னைவிட நிதானமாகவே செய்வதுபோல் தோன்றும். ஒரே தடவையில் செய்யும் தொகுதியான லாட்டைச் சிறிதாக்குங்கள் என்று எத்தனையோ சுற்றறிக்கைகளில் எழுதியும் புரியாதது, 20 நாணயங்களில் கால் மணி நேரத்துக்குள் புரிந்தது.

ஆனால் இங்கே வைண்டிங் அக்கா மறுத்தார். கம்பி சுற்றிய ஸ்டேட்டரை வார்னிஷில் முக்கி ஓவனில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். ஒவ்வொன்றாக வைத்து எடுக்க முடியாது. நாணயத்துக்குப் பொருந்துவது ஓவனுக்குப் பொருந்தாது என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. விளையாட்டை நடத்துகிறவர் இப்படிப்பட்ட மறுப்பை எதிர்ப்பாகக் கருதி அமுக்கிவிடக் கூடாது என்பதை அன்றுதான் கற்றேன். விளையாட்டு எந்த இடத்தில் வேலையோடு ஒட்டவில்லையோ, அந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டியது இருக்கிறது. ஏன் ஓவன் நிறைய ஒரே மாடலாக அடுக்குகிறோம் என்று ஒரு பயிற்சிப் பொறியாளர் கேட்டார். எப்போதும் அப்படித்தான் என்பதைத் தவிர யாரிடமும் பதில் இல்லை. அரை எச்.பி.யும் ஒரு எச்.பி.யும் ஒரே வெப்பத்தில், ஒரே நேரம் வேகிறவை. ஒரே ஓவன் சுமையில் மூன்று மாடல்களைக் கலந்து அடுக்கினால், அசெம்பிளி மேசையில் ஒரு மாடல் குவிந்தும் மற்றொரு மாடல் இல்லாமலும் போகும் நிலை குறையும் என்று அக்காவே சொன்னார். மாடல் மாறிப்போகாமல் இருக்க வண்ண நூல் கட்டலாம் என்பதும் அவருடைய ஏற்பாடுதான். அந்தச் சிவப்பு, மஞ்சள், பச்சை நூல்களை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்.

பலிக்காதவற்றையும் சொல்ல வேண்டும். நம்முடைய விளையாட்டு என்ற ஆசையில் ஆடுபுலி ஆட்டத்தைத் தரப் பரிசோதனைக் குழுவுக்கு வைத்தேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலி தாண்டி வெட்ட முடியாது. இதிலிருந்து ஒருவர் விட்ட தவற்றை அடுத்தவர் பிடிப்பது பற்றிப் பேச்சு எழும் என்று எண்ணினேன். அவர்கள் மிக விரும்பி ஆடினார்கள், மதிய உணவையும் மறந்து ஆடினார்கள். ஆனால் பேச்சு மட்டும் எழவே இல்லை. இருவர் ஆட, மற்றவர்கள் தோள்மீது சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிஜெக்‌ஷன் எங்கே தப்பிப் போகிறது என்ற எங்கள் சிக்கலின் உருவம் அதில் இல்லை. மரபின்மீது எனக்கிருந்த அன்பு, பொருத்தத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டது.

வேறொரு முறை நேர்ந்தது இதைவிட வருந்தத்தக்கது. பம்பு விளையாட்டை இன்னொரு குழுவோடு நடத்தியபோது மேலதிகாரி ஒருவர் குடோன் கட்டத்தில் உட்கார்ந்தார். நடுவே நிலைமை மோசமானதும், நிஜத்தில் இப்படி விடமாட்டோம் என்று சொல்லி, வழியில் இருந்த 20 கொட்டைகளைத் தம் கையாலேயே முன்னால் நகர்த்திக்கொண்டார். நான் தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டும். அந்தக் கணத்திலிருந்து மற்றவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்றைய பேச்சில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படி நடந்ததில் வரலாறு அறிந்த ஒரு சம்பவம் உண்டு. 1942ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பானியக் கப்பற்படை, பசிபிக் கடலில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவைத் தாக்குவதற்கு முன்பாக, அந்தப் போரை முன்கூட்டியே ஆடிப் பார்க்கும் போர் விளையாட்டு ஒன்றை யமாத்தோ கப்பலில் நடத்தியது. அமெரிக்க விமானங்களின் குண்டுகள் ஒன்பது பட்டன என்றும், அகாகி, ககா ஆகிய இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்றும் நடுவர் தீர்ப்பளித்தார். தலைமைத் தளபதி அலுவலகத்தின் மூத்த அதிகாரி உகாகி மத்தோமே ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். ககா மட்டும் மூழ்கியதாகக் கொள்ளப்பட்டது. அடுத்த கட்ட ஆட்டத்தில் ககாவும் திரும்ப வந்தது. அந்தப் படையில் இருந்த அதிகாரிகள் போருக்குப் பின் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஜூன் 4 அன்று தொடங்கிய மிட்வே போரில் அகாகி, ககா, சோர்யு, ஹிர்யு ஆகிய நான்கையும் ஜப்பான் இழந்தது. போர் வேறு, பம்பு வேறு என்பது உண்மைதான். ஆயினும் உயர்ந்த பதவியில் இருப்பவர் ஆட்டத்தின் முடிவைத் தம் விருப்பப்படி திருத்தும்போது, கீழே இருப்பவர்கள் அறிந்த ஒன்றைச் சொல்ல வழி அடைபடுகிறது. இப்போது நான் விளையாட்டு தொடங்குவதற்கு முன்பே மேலதிகாரியைத் தனியே சந்தித்து, அவர் ஆட வேண்டுமா, பார்க்க வேண்டுமா என்பதைப் பேசி முடித்துவிடுகிறேன். ஆடுவதானால் தமக்குப் பழக்கமில்லாத கட்டத்தில், கடையில்தான் உட்கார வேண்டும்.

பரிசு வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி. மெழுகு மேசையில் சொட்டாமல் மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். கார்ல் டங்கர் என்ற உளவியலாளர் வகுத்த புதிர் இது. குத்தூசிகளைக் கொட்டிவிட்டு அந்தப் பெட்டியையே தட்டாகச் சுவரில் குத்தலாம் என்று காண்பதுதான் விடை. 1962இல் சாம் கிளக்ஸ்பெர்க் இதையே சிலருக்குப் பணம் தருவதாகச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் கொடுத்துப் பார்த்தார். பணத்தை எண்ணி முயன்றவர்களுக்கே அதிக நேரம் பிடித்தது. குத்தூசிகளைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்து, விடை கண்ணுக்குத் தெரியும்படி செய்தபோது மட்டுமே பணம் வேகத்தைக் கூட்டியது. பழகிய வேலைக்குப் பரிசு உதவலாம். பெட்டியைத் தட்டாகப் பார்க்க வேண்டிய இடத்தில் அது பார்வையைக் குறுக்கிவிடுகிறது.

கூட்டங்களில் பேசிப் பழகாதவர்களுக்குக் கை பேசும் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள ஐ.எம்.டி. மேலாண்மைப் பள்ளியின் ஜோஹன் ரூஸ், பார்ட் விக்டர் ஆகிய இருவரும் 1990களின் நடுவில் லெகோ கட்டைகளைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார்கள். கேள்வி ஒன்றைக் கொடுத்ததும் எல்லோரும் கட்டுவார்கள்; கட்டியதைப் பற்றி ஒருவர் விடாமல் எல்லோரும் சொல்வார்கள். எங்களிடம் லெகோ இல்லை. ஸ்கிராப் தொட்டியிலிருந்து செம்புக் கம்பித் துண்டு, உடைந்த ஃபேன் கவர், நட்டு, வாஷர் ஆகியவற்றைத் தட்டில் கொட்டி, டெஸ்டிங் பகுதி எப்படி இருந்தால் உங்களுக்கு வசதி என்று ஆளுக்கொன்று செய்யச் சொன்னேன். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த ஒரு அண்ணன், ஒன்றும் சொல்லாமல், இரண்டு ஃபேன் கவர்களுக்கு நடுவே ஒரு கம்பியைச் சாய்வாக வைத்தார். பம்பைத் தூக்கி வைக்காமல் உருட்டிவிடும் சரிவு அது. குனிந்து தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு வலி இருந்ததை நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்தச் சரிவை ஆங்கிள் அயர்னும் ரோலரும் வைத்து மெயின்டனன்ஸ் பிரிவிலேயே செய்துவிட்டார்கள்.

இவை அனைத்தையும் ஷிப்டு நேரத்துக்குள், சம்பளம் ஓடும் மணியில்தான் நடத்த வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவரை, பேருந்தைத் தவறவிட்டு விளையாட வா என்று அழைப்பது முறையாகாது. ஆட விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதும் இல்லை. அவருக்குக் கணக்கெழுதும் வேலையைக் கொடுத்தால் பாதி ஆட்டத்தில் அவரே சீட்டு எழுதத் தொடங்கிவிடுவார்.

இப்போது என் கவனமெல்லாம் ஃபவுண்டரியின்மேல் இருக்கிறது. அங்கே உலையில் இரும்பு உருகிவிட்டால் அதை நிறுத்திவைக்க முடியாது; எந்த அச்சில் முதலில் ஊற்றுவது, எதை அடுத்த ஹீட்டுக்கு, அதாவது அடுத்த உருக்கலுக்கு, விடுவது என்பதைச் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுப்பவர் ஒருவர், ஊற்றுபவர் வேறொருவர், அச்சு செய்தவர் மூன்றாமவர். நாணயத்திலும் புளியங்கொட்டையிலும் அந்த அவசரம் வராது. ஐஸ் கட்டிகளை வைத்து, உருகி முடிவதற்குள் கிண்ணங்களை நிரப்பும் விதமாக ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேன்டீன் வெயிலில் அது எதிர்பார்த்ததைவிட வேகமாக உருகிவிடுகிறது. அடுத்த வாரம் அச்சுப் பிரிவு அண்ணன்மார் இருவரோடு காலை ஷிப்டில் ஒருமுறை ஆடிப் பார்க்கிறோம்.